குறுந்தொகை நான்காம் பாட்டை ஒலியால் படிப்பது எப்படி? சீர், தொடை, திரும்ப வரும் சொல்: முழுமையான வழிகாட்டி

சங்கக் காதல் பாட்டு ஒன்றைக் கொடுத்து யாப்பைப் பார்க்கச் சொன்னால், பெரும்பாலும் நாம் செய்வது பெயர் ஒட்டுவதுதான். இது அடி எதுகை, இது இணை மோனை, இது நேரிசை ஆசிரியப்பா என்று எழுதி அடிக்கோடிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும், பாட்டு மட்டும் தொட்ட இடத்திலேயே கிடக்கும். இந்த வழிகாட்டி அந்தப் பெயர்களைத் தாண்டி ஒரு படி போவதற்கானது. ஒலி எந்த இடத்தில் மாறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் அந்த இடத்தில் பொருளும் திரும்புகிறதா என்று கேட்கலாம், யாப்பு படிப்பதன் முழுப் பயனும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

நான் எடுத்துக்கொள்வது காமஞ்சேர் குளத்தார் பாடிய குறுந்தொகை 4. நெய்தல் திணை. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, கீழக்கரை என்று கடலைப் பார்த்தே வளர்ந்த நமக்கு நெய்தல் என்றாலே மணலும் அடும்புக்கொடியும் தாழையும் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பாட்டைப் பாருங்கள்:

நோம்என் நெஞ்சே நோம்என் நெஞ்சே
இமைதீய்ப் பன்ன கண்ணீர் தாங்கி
அமைதற்கு அமைந்தநம் காதலர்
அமைவிலர் ஆகுதல் நோம்என் நெஞ்சே

கடல் இல்லை. மணல் இல்லை, பறவை இல்லை, படகு இல்லை, ஒரு பூ கூட இல்லை. பிறகு எப்படி நெய்தல்? இரங்கல், அதாவது பிரிவை நினைத்து வருந்துதல், என்ற உரிப்பொருள் (திணைக்கு உரிய உணர்வு) ஒன்றால் மட்டும். நிலக்காட்சி எதுவும் துணைக்கு வராத பாட்டு என்பதால் அந்த இரங்கலைச் சுமக்கிற வேலை முழுவதும் ஒலியின் தலையில் விழுகிறது, அதனால்தான் யாப்பு கற்கத் தொடங்குகிறவருக்கு இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியவில்லை.

பொருள் சுருக்கமாக: பிரிவைத் தலைவி தாங்கமாட்டாள் என்று தோழி கவலைப்படுகிறாள், அவளிடம் தலைவி பேசுகிறாள். நோகிறது என் நெஞ்சு, நோகிறது என் நெஞ்சு. இமையையே தீய்த்துவிடும் போன்ற சூடான கண்ணீரைத் தாங்கி, நாம் ஆறுதல் கொள்வதற்கென்றே அமைந்த நம் காதலர், இப்போது அப்படி அமையாதவராக ஆகிவிட்டாரே, நோகிறது என் நெஞ்சு. ‘தாங்கி’ என்பதை அவர் தாங்கியதாகவும் படிக்கலாம், நாம் அடக்கிக்கொண்டதாகவும் படிக்கலாம். இப்போதைக்கு இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இரண்டு வடிவங்களைப் பக்கத்தில் வையுங்கள்

இதைத் தவறவிட்டால் பின்னால் வரும் எல்லாமே கோணலாகும், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மேலே நான் கொடுத்தது சந்தி பிரித்த வடிவம். பழைய பதிப்புகளில் இதே பாட்டு இப்படி இருக்கும்:

நோமென் னெஞ்சே நோமென் னெஞ்சே
யிமைதீய்ப் பன்ன கண்ணீர் தாங்கி
யமைதற் கமைந்தநங் காதல
ரமைவில ராகுத னோமென் னெஞ்சே

அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. சீர் பிரிக்க இரண்டாவது வடிவம்தான் வேண்டும். காரணம், ‘அமைதற்கு’ என்று சந்தி பிரித்து வைத்து அசை பிரித்தால் அமை, தற், கு என்று மூன்று அசை வந்து புளிமாங்காய் என்ற காய்ச்சீர் ஆகிவிடும். புலவர் வைத்தது ‘அமைதற்’ என்ற ஈரசைச் சீர். கடைசியில் உள்ள குற்றியலுகரம் அடுத்து வரும் அகரத்தோடு புணர்ந்து ‘கமைந்த’ என்று அடுத்த சீருக்குப் போய்விடுகிறது. ஆசிரியப்பாவில் திடீரென்று ஒரு காய்ச்சீர் முளைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கையில் இருக்கும் சந்தி பிரித்த வடிவத்தைத்தான்.

எதுகை, மோனை பார்க்க மட்டும் தலைகீழ். புணர்ந்த வடிவத்தில் யிமை, யமை, ரமை என்று முன் அடியின் முடிவு அடுத்த அடியின் தலையில் ஏறிக்கொள்வதால் மோனை கண்ணுக்கே தெரியாது. அதற்குச் சந்தி பிரித்த வடிவம் வேண்டும். ஆக, சீருக்குப் புணர்ந்தது, எதுகை மோனை போன்ற தொடைக்குப் பிரித்தது. நோட்டில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள்.

நல்ல பதிப்பு வேண்டுமென்றால் 1937இல் வெளிவந்த உ.வே.சாமிநாதையர் பதிப்பு இருக்கிறது. நம் ஊருக்கு இன்னும் நெருக்கமானது, இராமநாதபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்த ரா. இராகவையங்கார் குறுந்தொகைக்கு எழுதிய விளக்கம்.

இரண்டாம் படி: வாய்விட்டுச் சொல்லுங்கள்

பேனாவை எடுக்கும் முன் சத்தமாக, மெதுவாக, பலமுறை. கால்மேல் கைதட்டித் தாளம் போட்டாலும் நல்லது. எங்கே நாக்கு நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று மட்டும் கவனியுங்கள். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாவைக் கேட்டவர்களுக்கு இது சுலபம். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று திரும்பத் திரும்ப வாங்கும்போது எந்த இடத்தில் மூச்சு, எந்த இடத்தில் இழுப்பு என்று காது தானே பிரித்துவிடும். அந்தக் காதுதான் இங்கேயும் தேவை.

மூன்றாம் படி: அசை, சீர்

விதி சின்னது. தனிக்குறிலோ நெடிலோ, ஒற்றோடு வந்தாலும் ஒற்றில்லாமல் வந்தாலும் நேர். இரண்டு குறிலோ, குறிலை அடுத்த நெடிலோ சேர்ந்து வந்தால் நிரை, இங்கும் ஒற்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சீரின் தொடக்கத்தில் ஒற்று ஒட்டாத தனிக்குறில் வந்தால் அது தனியாக நிற்காது, அடுத்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு நிரை ஆகிவிடும். சீரின் கடைசியில் மிஞ்சும் குறில் நேர். ‘இமை’, ‘அமை’ இவற்றில் உள்ள ஐகாரத்தைக் குறிலாகக் கொள்வதா நெடிலாகக் கொள்வதா என்று குழம்ப வேண்டாம், எப்படி எண்ணினாலும் நிரைதான். ‘தீய்ப்’ என்பதில் ய், ப் என்று இரண்டு ஒற்று அடுத்தடுத்து வருகிறது, அதுவும் நேர்தான்.

நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். இந்தப் பாட்டுக்கு இந்த நான்கு போதும்.

முதல் அடி: நோ-மென், நெஞ்-சே, நோ-மென், நெஞ்-சே. தேமா, தேமா, தேமா, தேமா.

இரண்டாம் அடி: இமை-தீய்ப், பன்-ன, கண்-ணீர், தாங்-கி. புளிமா, தேமா, தேமா, தேமா.

மூன்றாம் அடி: அமை-தற், கமைந்-தநம், கா-தலர். புளிமா, கருவிளம், கூவிளம். மூன்றே சீர்.

நான்காம் அடி: அமை-விலர், ஆ-குதல், நோ-மென், நெஞ்-சே. கருவிளம், கூவிளம், தேமா, தேமா.

ஈற்றடிக்கு முந்தின அடி மட்டும் முச்சீர், மற்றவை நாற்சீர், ஏகாரத்தில் முடிவு. அதனால் நேரிசை ஆசிரியப்பா. பெயர் வைத்தாயிற்று, பெரும்பாலான குறிப்புகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. நாம் இப்போதுதான் தொடங்கப்போகிறோம்.

ஒவ்வோர் அடியிலும் நிரை எத்தனை என்று எண்ணுங்கள். முதல் அடியில் 0. இரண்டாம் அடியில் 1. மூன்றாம் அடியில் 4. நான்காம் அடியில் 3, அந்த மூன்றும் அடியின் முன்பாதியிலேயே முடிந்துவிடுகின்றன. நிரை வரும்போது இரண்டு எழுத்து ஓர் அசைக்குள் நெருங்குவதால் நாக்கு ஓடும், நேர் வரிசையாக வந்தால் ஒவ்வோர் எழுத்திலும் கால் ஊன்றி நடக்கிற மாதிரி இருக்கும். இப்போது பொருளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தன் நெஞ்சைப் பற்றிப் பேசும்போது அவள் முழுக்க நேரில் பேசுகிறாள். காதலரைப் பற்றிப் பேச்சு எழும் மூன்றாம் அடியில்தான் ஓட்டம் பிறக்கிறது, ‘அமைவிலர் ஆகுதல்’ வரை ஓடி, ‘நோமென் நெஞ்சே’ என்ற இரண்டு தேமாவில் வந்து மோதி நிற்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் பெண்கடல் என்றும் ஆண்கடல் என்றும் சொல்கிறோமே, ஒரே மணல் திட்டின் இந்தப் பக்கம் அடக்கமாகவும் அந்தப் பக்கம் அலையாகவும் கிடப்பது போல இந்த நான்கு அடிக்குள் இரண்டு நீர் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. இதை வைத்து ‘நேரசை என்றால் சோகம்’ என்று விதி எழுதிவிடாதீர்கள். குறுந்தொகை 40 ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ என்று தொடங்குகிறது, முதல் மூன்று சீரும் தேமா, பாடுவதோ இரண்டு நெஞ்சம் கலந்த மகிழ்ச்சியை. அசைக்குத் தனியாக உணர்ச்சி கிடையாது. ஒரே பாட்டுக்குள் எது வழக்கமாக இருந்து, எங்கே மாறுகிறது என்பதுதான் கணக்கு.

நான்காம் படி: தளை

ஒரு சீர் அடுத்த சீரோடு இணைவது தளை. பதினைந்து சீர், அதனால் பதினான்கு இணைப்பு. மா முன் நேர் வந்தால் நேரொன்றாசிரியத்தளை, விளம் முன் நிரை வந்தால் நிரையொன்றாசிரியத்தளை, மா முன் நிரையும் விளம் முன் நேரும் இயற்சீர் வெண்டளை. முதல் அடிக்குள் உள்ள மூன்று இணைப்பும், இரண்டாம் அடிக்குள் உள்ள மூன்றும் நேரொன்று. மூன்றாம் அடிக்குள் போனதும் வெண்டளை, வெண்டளை. நான்காம் அடியிலும் முதல் இரண்டு இணைப்பு வெண்டளை, கடைசியாக ‘நோமென்’ என்பதும் ‘நெஞ்சே’ என்பதும் சேரும் இடத்தில் மறுபடி நேரொன்று. அடியோடு அடி சேரும் மூன்று இடத்தில் இரண்டு வெண்டளை, ‘காதலர்’ என்பதிலிருந்து ‘அமைவிலர்’ என்பதற்குப் போகும் இடம் மட்டும் நிரையொன்று, பாட்டு முழுவதிலும் அது ஒன்றே ஒன்று. அவர் பேரும் அவர் குறையும் ஒட்டிக்கொள்கிற இடம் அது. இதைப் பெரிதாக்கி ஒரு பக்கம் எழுத வேண்டியதில்லை, ஆனால் குறித்து வையுங்கள்.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். முச்சீர் அடியில் கடைசிச் சொல் ‘காதலர்’. அதற்கு அப்புறம் ஒரு சீர் வர வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. நேரிசை ஆசிரியப்பா எல்லாவற்றிலும் அந்த இடம் உண்டு, அது யாப்பு கொடுத்தது. அந்த விளிம்பில் எந்தச் சொல்லைக் கொண்டுபோய் நிறுத்துவது என்பது புலவர் எடுத்த முடிவு. பல பாட்டுகளில் அங்கே ‘போல’ என்ற உவம உருபு நிற்கும். இங்கே, விட்டுப்போனவரே நிற்கிறார்.

ஐந்தாம் படி: தொடை

எதுகை எளிது. இமை, அமை, அமை என்று கடைசி மூன்று அடியிலும் இரண்டாம் எழுத்து மை, முதல் எழுத்து மூன்றும் குறில், குறையில்லாத அடி எதுகை. முதல் அடியின் ‘நோமென்’ என்பதிலும் இரண்டாம் இடத்தில் மகரம் இருக்கிறது. முதல் எழுத்து நெடில் என்பதால் இலக்கணப்படி அது எதுகைக் கணக்கில் சேராது. ஆனாலும் காதில் அந்த மகரம் விழுந்துவிட்டது, அடுத்து மூன்று அடியும் அதே மகரத்தில் தட்டப்போகின்றன. இப்படி விதிக்குள் சேராமல் காதுக்கு மட்டும் கேட்பதை நோட்டில் தனி நிறத்தில் எழுதுங்கள். விதியோடு கலந்து எழுதினால் ஆசிரியர் திருத்துவார், எழுதாமலே விட்டால் பாட்டுக்கு நட்டம்.

மோனையில் முதல் அடி நோ, நெ, நோ, நெ. ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் நோ, அதனால் பொழிப்பு மோனை. மூன்றாம் அடியும் நான்காம் அடியும் அகரத்தில் தொடங்குவதால் அடி மோனை, நான்காம் அடிக்குள் ‘அமைவிலர் ஆகுதல்’ இணை மோனை. இரண்டாம் அடியில் இ, ப, க, தா. சீர் மோனை எதுவும் இல்லை. கண்ணீரைச் சொல்லும் அடி மட்டும் எதையும் பற்றிக்கொள்ளாமல் வெறுமனே போகிறது. இல்லாததையும் குறிக்க வேண்டும், இதைச் சொல்லித் தருபவர்கள் குறைவு.

இயைபு பார்க்க அடிக்கடைசிக்குப் போங்கள். முதல் அடியும் நான்காம் அடியும் ‘நெஞ்சே’. நடுவில் இரண்டு அடி வேறு.

ஆறாம் படி: திரும்ப வரும் சொல்

இந்தப் பாட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எதெது எத்தனை முறை என்று எண்ணுங்கள். ‘நோமென் நெஞ்சே’ மூன்று முறை, அதாவது ஆறு சீர். ‘அமை’ மூன்று முறை, அதோடு ஒலியில் ஒட்டிக்கொள்ளும் ‘இமை’ ஒன்று, ஆக நான்கு சீர். பதினைந்தில் பத்து போயிற்று. மிஞ்சிய ஐந்து சீரை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: பன்ன, கண்ணீர், தாங்கி, காதலர், ஆகுதல். இவ்வளவு சிறிய பாட்டில் புதிதாகச் சொல்ல அவள் எடுத்துக்கொண்ட இடம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் நோவும் அமைவும் மாறி மாறி.

இரண்டு வகைத் திரும்பலும் ஒன்றல்ல. ‘நோமென் நெஞ்சே’ சொல்லும் மாறவில்லை, பொருளும் மாறவில்லை. தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலைப் படித்தவர்கள் இதைச் சொற்பொருட் பின்வருநிலையணி என்பார்கள். அந்த நூல் இந்தப் பாட்டுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது, அதனால் பெயர் வசதிக்குத்தான். ‘அமை’ அப்படி இல்லை. அமைதற்கு என்றால் ஆறுவதற்கு, அமைந்த என்றால் அதற்குப் பொருந்திய, அமைவிலர் என்றால் பொருந்தாதவர். ஒரே வேர் மூன்று இடத்தில் மூன்று வேலை செய்து, கடைசியில் எதிர்மறையில் போய் முடிகிறது. நோவு மாறாமல் நிற்கிறது, அமைவு மட்டும் மாறிக்கொண்டே போய் இல்லாமல் ஆகிறது. பாட்டின் கதையே இதுதான், இதைத் தலைவி எங்கேயும் விளக்கவில்லை, சொற்களைத் திரும்ப வைக்கும் முறையிலேயே அது நடந்துவிடுகிறது.

இன்னும் ஒரு நுணுக்கம். முதல் அடியில் நோவுக்கு நான்கு சீரும் சொந்தம். கடைசி அடியில் பாதிதான். சுருங்கியதாகத் தோன்றும், ஆனால் முதல் முறை கேட்கும்போது ஏன் நோகிறது என்று தோழிக்கும் நமக்கும் தெரியாது. கடைசியில் ‘ஆகுதல்’ என்ற காரணத்தோடு சேர்ந்து வருவதால் இரண்டே சீர் முதல் அடியைவிடக் கனக்கிறது.

ஏழாம் படி: பக்கத்தில் இன்னொரு பாட்டை வையுங்கள்

ஒரு பாட்டில் நீங்கள் கண்டது உண்மையா, நீங்களாக ஏற்றிச் சொன்னதா என்று தெரிய ஒப்பிட்டே ஆக வேண்டும். நல்லவேளை, குறுந்தொகையிலேயே இதே அடியில் தொடங்கி இதே தொடரில் முடியும் இன்னொரு பாட்டு இருக்கிறது. 202, அள்ளூர் நன்முல்லையார் பாடியது, மருதத் திணை:

நோம்என் நெஞ்சே நோம்என் நெஞ்சே
புன்புலத் தமன்ற சிறியிலை நெருஞ்சிக்
கட்குஇன் புதுமலர் முட்பயந் தாஅங்கு
இனிய செய்தநம் காதலர்
இன்னா செய்தல் நோம்என் நெஞ்சே

இங்கே நெருஞ்சி இருக்கிறது. கண்ணுக்கு இனிய புதுப்பூ பின்னால் முள்ளைத் தருவது போல, இனியவை செய்த காதலர் இன்னாதவை செய்கிறார். நான்காம் பாட்டில் ஒலி தனியாகச் சுமந்ததை இங்கே ஒரு செடி பங்கு போட்டுக்கொள்கிறது, அதனால் திரும்ப வரும் சொற்கள் குறைவு. ‘அமை’ செய்த வேலையை இங்கே முரண்தொடை செய்கிறது: இனிய, இன்னா. மூன்றாம் அடியில் ‘கட்கின்’, ‘முட்பயந்’ என்று ஒன்றாம் சீரும் மூன்றாம் சீரும் எதுகை, பூவையும் முள்ளையும் ஒரே ஒலியால் கட்டுகிறார். ஈற்றயலடியின், அதாவது ஈற்றடிக்கு முந்தின அடியின், விளிம்பைப் பாருங்கள், இங்கேயும் ‘காதலர்’.

கடைசி அடியைச் சீர் பிரித்தால் இன்-னா, செய்-தல், நோ-மென், நெஞ்-சே. நான்கும் தேமா, முதல் அடியைப் போலவே. காமஞ்சேர் குளத்தார் கடைசி அடியின் பாதி வரை ஓடவிட்டு நிறுத்தினார், நன்முல்லையார் ‘இன்னா’ என்ற சொல்லிலிருந்தே நிறுத்தி நடக்கிறார். எனக்கு முதலாவதுதான் அதிகம் பிடிக்கும், ஓடி வந்து மோதுவதில் இருக்கும் வலி பெரியது. உங்களுக்கு மற்றது பிடிக்கலாம், காரணத்தை அசையில் காட்டினால் போதும்.

எட்டாம் படி: தனியாகச் செய்து பாருங்கள்

முதலில் எளிதான இரண்டு அடி. குறுந்தொகை 290 இப்படி முடிகிறது: ‘கல்பொரு சிறுநுரை போல / மெல்ல மெல்ல இல்லா குதுமே’. நெய்தல்தான், இங்கே நுரை உண்டு. கல், மெல் என்று அடி எதுகை, கடைசி அடிக்குள் மெல்ல, மெல்ல, இல்லா என்று முதல் மூன்று சீரிலும் லகரம். மூன்றாவது முறை வரும்போது அந்த லகரம் இருக்கும் சொல்லே ‘இல்லா’ என்பதைக் கவனியுங்கள்.

தொண்டிப் பத்தும் திரும்பலுக்கு நல்ல பயிற்சி. ஐங்குறுநூற்றில் 171 முதல் 180 வரை, அம்மூவனார் பாடியது, அந்தாதியாக ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். நம் இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி என்று நினைத்துப் படிக்கத் தொடங்குகிறவர்கள் உண்டு, அது மேற்குக் கரையில் இருந்த சேரர் தொண்டி.

நம் கரையே வேண்டுமென்றால் அகநானூறு 70க்குப் போங்கள். ஊரார் அலர் (காதல் பற்றிய ஊர்ப்பேச்சு) பேசி ஓய்ந்ததைச் சொல்லும் நெய்தல் காதல் பாட்டு, அதில் வரும் கோடியைத் தனுஷ்கோடி என்று கொள்வார்கள். கடைசி ஐந்து அடி:

வென்வேற் கவுரியர் தொன்முது கோடி
முழங்கிரும் பௌவம் இரங்கும் முன்றுறை
வெல்போர் இராமன் அருமறைக் கவித்த
பல்வீழ் ஆலம் போல
ஒலியவிந் தன்றிவ் வழுங்கல் ஊரே

முழங்கும் கடல் இரங்கும் துறையில், பறவைகளின் ஒலியை இராமன் அடக்கிய ஆலமரம் போல ஊர் ஒலி அடங்கிவிட்டது. இரண்டாம் அடியில் ‘முழங்கிரும்’, ‘முன்றுறை’ என்று முதல் சீருக்கும் நான்காம் சீருக்கும் மோனை, அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ‘அவித்த’, ‘அவிந்தன்று’ இரண்டுக்கும் கீழே கோடு போட்டு, நான்காம் பாட்டின் ‘அமை’ செய்தது போல இந்த வேர் இங்கே என்ன செய்கிறது என்று எழுதுங்கள். ஈற்றயலடியில் எத்தனை நிரை என்றும் எண்ணிப் பாருங்கள், மரம் அமைதியாகிற அடி அது.